நிலக்காட்சி எட்சிங் ஓவியங்கள்: டச்சு மரபும் தமிழக நிலமும்

நிலக்காட்சி எட்சிங் என்பது மலை, மரம், ஆறு, வயல், வானம் ஆகியவற்றை முதன்மைப் பொருளாகக் கொண்டு செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து உருவாக்கி, தாளில் அச்சிட்டு எடுக்கப்படும் ஓவிய வகையாகும். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் இக்கலை முழு வளர்ச்சி பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பாவில் பரவிய புனைவியல் இயக்கம் இம்மரபைப் புதுப்பித்துப் போற்றியது. அதே காலத்தில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் இரு ஆங்கில ஓவியர்கள் தமிழகத்தின் மலைகளையும் அருவிகளையும் கோட்டைகளையும் இவ்வகை அச்சுப் படங்களாக வெளியிட்டனர்.

டச்சுக்காரர்கள் தமிழகக் கடற்கரையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய தலைமையிடமான பழவேற்காடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. இருந்தும் தமிழக நிலத்தை இயற்கை அழகுக்காகவே வரைந்த முதல் பெரிய அச்சுப்படத் தொகுதிகளை அவர்கள் உருவாக்கவில்லை. நெதர்லாந்தில் உருவான ஒரு பார்வை எப்படி இங்கிலாந்து வழியாகத் தமிழகம் வந்தது, அது எவற்றைப் பதிவு செய்தது, எவற்றை விட்டுவிட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எட்சிங் முறை

எட்சிங் செய்வதற்கு மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் தேன்மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு பூசப்படும். கலைஞர் கூரிய ஊசியால் அப்பூச்சின் மேல் வரைவார். ஊசி பட்ட இடத்தில் பூச்சு விலகிச் செம்பு வெளித்தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் இட்டால், வெளித்தெரியும் கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அதிக நேரம் அரிக்கப்பட்ட கோடு ஆழமாகி, அச்சில் கருமையாக விழும். பூச்சை நீக்கி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து உருளை அழுத்தியில் செலுத்தினால் படம் தாளில் ஏறும்.

உளியால் செம்பை நேரடியாகச் செதுக்கும் பழைய முறைக்குப் பல ஆண்டுப் பயிற்சியும் கைவலிமையும் தேவை. எட்சிங் அப்படியன்று. மெழுகின் மேல் ஊசி ஏறக்குறைய எழுதுகோலைப் போலவே ஓடும். இலைக்கொத்து, மேகம், புல்வெளி ஆகியவற்றின் ஒழுங்கற்ற வடிவங்களை விரைவாக வரைய இது மிகவும் ஏற்றது. நிலக்காட்சியும் எட்சிங்கும் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்ததற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் விலை. ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்க முடிந்ததால், வண்ண ஓவியம் வாங்க இயலாதவரும் ஓர் அச்சுப்படத்தை வாங்க முடிந்தது.

எட்சிங்கின் ஒரு கிளை அக்குவாடிண்ட் ஆகும். இதில் கோட்டுக்குப் பதிலாகப் பிசின் தூள் பயன்படுகிறது. தகட்டின் மேல் தூவிய தூளைச் சூடாக்கி ஒட்டச் செய்து அமிலத்தில் இட்டால், துகள்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய இடங்கள் மட்டும் அரிக்கப்படும். அச்சில் அது நீர்வண்ணம் பூசியது போன்ற சாம்பல் நிறப் பரப்பாகத் தெரியும். 1760களில் பிரான்சில் சீர்படுத்தப்பட்ட இம்முறையை 1775இல் பால் சாண்ட்பி இங்கிலாந்தில் தம் வேல்ஸ் நாட்டுக் காட்சிகளுக்குப் பயன்படுத்தினார். தமிழகக் காட்சிகள் பலவும் பிற்காலத்தில் இம்முறையிலேயே அச்சாயின.

நெதர்லாந்தில் நிலக்காட்சியின் எழுச்சி

ஆங்கிலத்தில் நிலக்காட்சியைக் குறிக்கும் ‘லேண்ட்ஸ்கேப்’ என்ற சொல்லே டச்சு மொழியின் ‘லாண்ட்ஸ்காப்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய ஐரோப்பிய ஓவியத்தில் இயற்கை பெரும்பாலும் பின்னணியாகவே இருந்தது. முன்னால் புனிதர்களோ வீரர்களோ நிற்பார்கள். பின்னால் மலையும் மரமும் தெரியும். மனிதக் கதையை ஒதுக்கி வைத்து, நிலத்தையே பொருளாக்கிய மாற்றம் 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில்தான் பெரிய அளவில் நடந்தது.

இதற்கு மூன்று வரலாற்றுக் காரணங்கள் கூறலாம். முதலாவது சமயம். சீர்திருத்தத் திருச்சபை ஓங்கிய பகுதிகளில் தேவாலயங்களுக்கான சமய ஓவியத் தேவை குறைந்தது. ஓவியர்கள் வணிகர், கைவினைஞர் முதலியோரின் வீட்டுச் சுவரை நம்பி வாழ வேண்டியதாயிற்று. இரண்டாவது அரசியல். எசுப்பானியாவுடன் நீண்ட போர் நடத்திய டச்சு மாகாணங்கள் 1609இல் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் செய்துகொண்டன. நகர மதிலுக்கு வெளியே அச்சமின்றி நடந்து செல்வது மீண்டும் இயல்பானது. மூன்றாவது நிலமே. காற்றாலைகளைக் கொண்டு ஏரிகளின் நீரை இறைத்து மக்கள் புதிய விளைநிலத்தை உருவாக்கினர். பெம்ஸ்டர் என்னும் பெரிய ஏரி 1612இல் வற்ற வைக்கப்பட்டு வயலாயிற்று. தம் உழைப்பால் மீட்ட நிலத்தைப் படமாகப் பார்ப்பதில் அவர்களுக்குப் பெருமிதம் இருந்தது.

இக்காலத்தில் கிளாஸ் யான்சூன் விஸ்ஸர் ஆர்லெம் நகரைச் சுற்றியுள்ள இடங்களைச் சிறு எட்சிங் படங்களாக வெளியிட்டார். ‘இனிய இடங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்புக் கொண்ட அத்தொகுதியில் மணல்மேடு, பண்ணைவீடு, சாலையோரச் சத்திரம், வெளுப்புக்களம் போன்ற எளிய காட்சிகளே இருந்தன. நெடுந்தொலைவு செல்ல நேரமில்லாதவர் வீட்டிலிருந்தே கண்டு மகிழலாம் என்பதே அதன் நோக்கம். பார்க்கத் தகுந்தது தொலைதூர அதிசயம் மட்டுமன்று, ஊருக்கு வெளியே உள்ள வயல்வெளியும்தான் என்ற எண்ணம் இங்கே வேரூன்றியது.

செகர்ஸ், ரெம்பிராண்ட், ரூயிஸ்தால்

டச்சு நிலக்காட்சி எட்சிங்கில் மூன்று பெயர்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை.

ஹெர்குலஸ் செகர்ஸ் 1589ஆம் ஆண்டளவில் பிறந்தவர். பாறை நிறைந்த வெறுமையான பள்ளத்தாக்குகளை அவர் கற்பனையில் உருவாக்கினார். வண்ண மையில் அச்சிடுதல், வண்ணம் பூசிய தாளிலும் துணியிலும் அச்சிடுதல், ஒரே தகட்டிலிருந்து ஒவ்வொரு படியையும் வேறுவேறாக எடுத்தல் என அவர் செய்த சோதனைகளுக்கு அக்காலத்தில் இணையில்லை. வாழ்நாளில் அவருக்கு ஆதரவு கிட்டவில்லை. அவருடைய படங்கள் வெண்ணெயும் சோப்பும் பொதியும் தாளாக விற்கப்பட்டன என்று 1678இல் சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன் எழுதினார். இன்று உலகில் எஞ்சியுள்ள அவருடைய அச்சுப் படிகள் இருநூறுக்கும் குறைவே.

ரெம்பிராண்ட் செகர்சின் ஓவியங்களை வாங்கிச் சேர்த்தவர்; செகர்ஸ் பயன்படுத்திய ஒரு செப்புத் தகட்டையே வாங்கி அதன் ஒரு பகுதியை மாற்றி வரைந்தவர். 1640களிலும் 1650களின் தொடக்கத்திலும் அவர் ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி நடந்து நிலக்காட்சிகளை எட்சிங் செய்தார். அவற்றுள் 1643இல் உருவான ‘மூன்று மரங்கள்’ மிகவும் புகழ்பெற்றது. வலப்புறம் ஒரு மேட்டில் மூன்று மரங்கள் நெருங்கி நிற்கின்றன. இடப்புறம் மழை சாய்கோடுகளாக விலகிச் செல்கிறது. தொலைவில் தட்டையான வெளியும் ஒரு நகரமும் தெரிகின்றன. கூர்ந்து பார்த்தால் மீன் பிடிப்பவர், மேட்டின் மேல் அமர்ந்து படம் வரைபவர், புதருக்குள் மறைந்திருக்கும் காதலர் எனச் சிறிய மனிதர்கள் ஒவ்வொருவராகப் புலப்படுவர். நிலம் பெரிது, மனிதர் அதன் ஒரு பகுதி என்ற உணர்வைத் தாளின் அளவில் சிறிய இப்படம் தருகிறது.

தகட்டில் வரைந்தது அச்சில் இடவலமாக மாறி விழும். ரெம்பிராண்ட் பல இடங்களில் இதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய ஆம்ஸ்டர்டாம் நகர்க்காட்சியில் கட்டடங்கள் கண்ணாடியில் தெரிவது போல் இடம் மாறி உள்ளன. அச்சுப்படங்களை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தும் மாணவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

யாக்கோப் வான் ரூயிஸ்தால் எட்சிங் செய்தவை மிகச் சிலவே. அவற்றில் ஓக் மரங்களும் சதுப்புக் காடும் உயிருள்ள உருவங்களைப் போல் நிற்கின்றன. அவருடைய வண்ண ஓவியங்களில் அருவிகள் மிகுதி. நெதர்லாந்தில் அருவி கிடையாது. ரூயிஸ்தால் அருவி நாடுகளுக்குச் சென்றதாகவும் தெரியவில்லை. 1644இல் நார்வே, சுவீடன் நாடுகளுக்குச் சென்றுவந்த ஆலார்ட் வான் எவர்டிங்கனின் படங்களைக் கண்டே அவர் தம் அருவிகளை உருவாக்கினார். கண்ணால் காணாத அருவி ஒரு தட்டை நாட்டின் சந்தையில் நன்கு விலைபோனது.

புனைவியல் காலத்தில் டச்சு மரபு

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சிந்தனையில் இயற்கை புதிய இடத்தைப் பெற்றது. 1757இல் எட்மண்ட் பர்க் அச்சமும் வியப்பும் கலந்த பேரழகைப் பற்றி எழுதினார். 1782இல் வில்லியம் கில்பின், வை ஆற்றுப் பயணத்தைப் பற்றிய நூலில், படமாக வரையத்தக்க அழகு எது என்று விளக்கினார். கரடுமுரடான பாறை, இடிந்த கோட்டை, முறுக்கிய மரம், அருவி ஆகியவை சுற்றுலாப் பயணிகளின் விருப்பப் பொருள்களாயின.

இக்காலத்தினர் தம் முன்னோடிகளை டச்சு ஓவியர்களிடம் கண்டனர். இங்கிலாந்தில் கெய்ன்ஸ்பரோவும் கான்ஸ்டபிளும் ரூயிஸ்தாலின் ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகினர். ஜெர்மனியில் கோத்தே, டிரெஸ்டன் நகரில் உள்ள ரூயிஸ்தாலின் மூன்று ஓவியங்களை ஆராய்ந்து, அவரைக் கவிஞராக நோக்கும் கட்டுரையை 1816இல் வெளியிட்டார். நெதர்லாந்திலேயே ஆந்திரியாஸ் ஸ்கெல்ஃப்ஹவுட், பாரெண்ட் கார்னெலிஸ் கூக்கூக் ஆகியோர் பழைய மரபைப் புனைவியல் உணர்வுடன் தொடர்ந்தனர். யாவாவிலிருந்து சென்ற ரதென் சாலே ஹேக் நகரில் ஸ்கெல்ஃப்ஹவுட்டிடம் நிலக்காட்சி பயின்றார். டச்சுக் குடியேற்ற நாட்டில் பிறந்து ஐரோப்பியப் புனைவியல் ஓவியராகப் புகழ்பெற்ற முதல் ஆசியர்களில் அவர் ஒருவர்.

இதே மரபை 1862இல் எட்சிங் வடிவில் புதுப்பித்தவர் யோகான் யோங்கின்ட். கால்வாய், படகு, காற்றாலை, தாழ்ந்த அடிவானம் என ஆலந்தின் பழைய பொருள்களையே அவர் சில விரைந்த கோடுகளில் காட்டினார்.

சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடம் பழவேற்காடுதான். பின்னர் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1658இல் தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகியவற்றைப் போர்த்துக்கேயரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றினர். அதாவது ரெம்பிராண்டும் ரூயிஸ்தாலும் பணியாற்றிய காலமும் பழவேற்காட்டில் டச்சு வணிகம் செழித்த காலமும் ஒன்றே.

இந்தத் தொடர்பு இருவழிப்பட்டது. கம்பெனியின் கப்பல்கள் வழியே வந்த யப்பானியத் தாளில் ரெம்பிராண்ட் தம் எட்சிங்குகளை அச்சிட்டார். முகலாய நுண்ணோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் செய்தார். சோழமண்டலக் கரையின் கைவினைஞர் எழுதுகோல் கொண்டு சாயமேற்றிய பூந்துணிகள் ஆம்ஸ்டர்டாம் வீடுகளில் திரையாகவும் விரிப்பாகவும் ஆடையாகவும் பயன்பட்டன. பாறை மேல் வளைந்தெழுந்து பல வகைப் பூக்களைத் தாங்கும் பெருமரம் அத்துணிகளின் புகழ்பெற்ற உருவம். நம் கரையின் கைவினைஞர் வரைந்த இயற்கை இவ்வாறு டச்சு வீடுகளுக்குச் சென்றது.

எதிர்த்திசையில் வந்த படங்கள் வேறு வகையின. யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பஸ் பால்தேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலில் மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகியவற்றின் துறைமுகங்களும் கோட்டைகளும் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களும் செப்புத் தகட்டுப் படங்களாக உள்ளன. தமிழ் எழுத்துகளையும் அந்நூல் அச்சில் காட்டியது. வான் ரீடின் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்து, எழுநூறுக்கும் மேற்பட்ட தாவரங்களைப் பெரிய படங்களில் காட்டியது. எசாயஸ் பூர்சே 1660களின் தொடக்கத்தில் இலங்கையில் வரைந்த கோட்டுப்படத் தொகுதி இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பூர்சேயின் தனிப்பட்ட வரைபடங்களை விட்டுப் பார்த்தால், அச்சேறிய டச்சுப் படங்கள் பெரும்பாலும் பயன்பாட்டுக்கானவை. துறைமுகம் எங்கே, கோட்டை எப்படி, எந்தச் செடி மருந்தாகும் என்பவையே அவற்றின் கேள்விகள். தாய்நாட்டில் வயலையும் வானத்தையும் அழகுக்காகப் பார்த்த அதே சமூகம் இங்கே நிலத்தைச் சரக்கின் இருப்பிடமாகப் பார்த்தது. அச்சரக்கில் மனிதரும் அடங்குவர். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இக்கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். டச்சு நிலக்காட்சியின் அமைதியைப் பற்றிப் பேசும்போது அதற்குப் பின்னிருந்த வணிகச் செல்வத்தின் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழவேற்காட்டில் இன்று டச்சுக் கலையின் சுவடாக எஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டமே. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அங்கு, நுழைவாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களும் கல்லறைப் பலகைகளில் குடும்பச் சின்னங்களும் செதுக்கப்பட்டுள்ளன. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

டேனியல்களின் தென்னகப் பயணம்

தமிழகத்தை நிலக்காட்சியாகக் காணும் பார்வை ஆங்கில ஓவியர்களுடன் வந்தது. கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் பங்கேற்ற வில்லியம் ஹாட்ஜஸ் 1780இல் சென்னையில் இறங்கினார். அவ்வாண்டே ஐதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் நுழைந்ததால் அவரால் உள்நாட்டுக்குச் செல்ல இயலவில்லை. பின்னர் வங்கத்திலும் வட இந்தியாவிலும் வரைந்து, 48 அக்குவாடிண்ட் படங்களை 1785 முதல் 1788 வரை வெளியிட்டார்.

தாமஸ் டேனியலும் (1749–1840) அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் (1769–1837) 1786இல் கல்கத்தா வந்தனர். அங்கே பன்னிரண்டு நகர்க்காட்சிகளை அச்சிட்டபோது ஓவியர், செதுக்குபவர், செப்பு வேலைக்காரர், அச்சடிப்பவர் ஆகிய எல்லாப் பணிகளையும் தாமே செய்ய நேர்ந்ததாகத் தாமஸ் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். வட இந்தியப் பயணத்துக்குப் பிறகு 1792 மார்ச் இறுதியில் சென்னையை அடைந்த இருவரும் ஏப்ரலில் தெற்கு நோக்கிப் புறப்பட்டனர்.

இந்தக் காலக்குறிப்பு முக்கியமானது. மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையுடன் முடிந்தது. திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், சேலம், திண்டுக்கல் பகுதிகள் கம்பெனிக்கு வந்தன. அடுத்த சில வாரங்களிலேயே டேனியல்கள் அந்த வழியே சென்றனர். ஓசூர், இராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம், சங்ககிரி முதலிய மலைக்கோட்டைகளை வரைந்தனர். அதன்பின் காவிரியிலிருந்து திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயிலும் அதன் நந்தியும், மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாடுகள், பாபநாசம் அருவி, களக்காட்டு மலைகள், மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்கள் ஆகியவை அவர்களுடைய தாள்களில் இடம்பெற்றன. உள்ளது உள்ளபடி வரைய ஒளியை உள்ளே விழச்செய்து உருவம் காட்டும் இருட்டுப் பெட்டியைப் பயன்படுத்தினர்.

1794இல் இங்கிலாந்து திரும்பிய பின் ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் தலைப்பில் 1795 முதல் 1808 வரை 144 அக்குவாடிண்ட் படங்கள் வெளியாயின. படங்கள் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. இவை பீங்கான் தட்டுகளிலும் மாளிகைகளின் வடிவமைப்பிலும் பின்பற்றப்பட்டன. பிரான்சின் ஸூபர் நிறுவனம் 1807இல் வெளியிட்ட இந்தியக் காட்சிச் சுவர்த்தாளுக்கும் இவையே மூலம்.

சில படங்களின் சான்று மதிப்பு

பாபநாசம் அருவிப் படம் டேனியல்களின் தமிழகக் காட்சிகளில் தனிச்சிறப்பு உடையது. தாமிரபரணி பொதிகை மலையிலிருந்து இறங்கும் இடத்தில், நீர்ப்பெருக்கு படத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ள, மனிதர் மிகச் சிறியவராகத் தோன்றுகின்றனர். ரூயிஸ்தால் காணாமலே வரைந்த அருவிகளின் வழிவந்த பார்வை இங்கே ஓர் உண்மையான அருவியைச் சந்தித்தது. 1940களில் மேலே அணையும் நீர்மின் நிலையமும் வந்தபின் ஆற்றின் ஓட்டம் மனிதர் திறந்துவிடும் அளவைப் பொறுத்ததாயிற்று. அதற்கு முந்தைய அருவியின் தோற்றத்தைக் காட்டும் அரிய சான்றுகளில் இப்படமும் ஒன்று. ஆனால் புனைவியல் ஓவியர் பாறையை உயர்த்தியும் மனிதரைச் சிறிதாக்கியும் காட்டுவது வழக்கம் என்பதால், இதனை அளவு காட்டும் ஆவணமாகக் கொள்ளக் கூடாது.

களக்காட்டுப் படத்தின் தலைப்பு மற்றோர் எச்சரிக்கை. ‘களக்காடு அருகிலிருந்து கன்னியாகுமரி முனை’ என்று அது பெயரிடப்பட்டுள்ளது. களக்காடு கன்னியாகுமரியிலிருந்து பல பத்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. படத்தில் காண்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே. கடல் முனையின் பெயர் வாங்குபவருக்குப் பழக்கமானது. இந்த மலைகள் இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை.

மலைக்கோட்டைப் படங்களில் மாலை ஒளியும் அமைதியும் நிலவுகின்றன. சில மாதங்களுக்கு முன் அப்பகுதியில் நடந்த முற்றுகையும் பஞ்சாரப் படைவழங்கலும் ஊர் விட்டு ஓடிய மக்களும் அவற்றில் இல்லை. புதிதாகக் கைப்பற்றிய நிலத்தைப் பழமையான, அசைவற்ற, அழகிய இடமாகக் காட்டுவது இலண்டன் வாசகருக்கு இனிமையாக இருந்தது. வரைந்தவர்களின் நோக்கம் இதுவன்று எனினும் படங்களின் விளைவு இதுவே.

வரையப்படாத நிலம்

டேனியல்களின் தேர்வை ஒரு பட்டியலாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பாறை, கோட்டை, கோயில், அருவி, இடிபாடு ஆகியவையே அவர்களை நிறுத்தின. தொண்டை நாட்டுச் சமவெளியின் ஏரியும் கலங்கலும் நெல்வயலும் பனைவரிசையும் முதன்மைப் பொருளாவது அரிது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை எனத் தொடரும் நிலம் அத்தகையது. இங்கே உயர்ந்த மலை இல்லை. ஒவ்வோர் ஊரின் மேட்டுப்புறத்தில் ஏரி, அதன் நீண்ட மண்கரை, கரைக்குக் கீழே வயல், மேலே பெரிய வானம் என்பதே அதன் அமைப்பு. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். மனிதர் மண்ணைக் குவித்து நீரை நிறுத்தி உருவாக்கிய நிலம் இது. மண்கரை, தட்டையான வெளி, நீரில் விழும் வானம் ஆகிய மூன்றும் டச்சு நிலத்துக்கும் பொதுவானவை. அங்கே நீரை வெளியேற்றக் கரை கட்டினர். இங்கே நீரைத் தேக்கக் கரை கட்டினர் என்பதே வேறுபாடு.

கில்பினின் மாணவர்கள் இத்தகைய நிலத்தைக் கடந்து போயினர். ஆர்லெமைச் சுற்றி நடந்த விஸ்ஸரின் கண்ணுக்கு இதில் நின்று வரைய எவ்வளவோ இருந்திருக்கும். ஆனால் அந்தக் கண் கொண்ட டச்சுக்காரர் எவரும் பழவேற்காட்டிலிருந்து உள்நாட்டுக்கு வந்து அச்சுப்படத் தொகுதி செய்யவில்லை. எனவே பாபநாசத்துக்கும் சங்ககிரிக்கும் இருநூறு ஆண்டுக்கு முந்தைய அச்சுப்படம் உண்டு; சென்னையின் மேற்கு ஏரிநாட்டுக்கு அத்தகைய தொகுதி இல்லை.

இதன் விளைவு கலை வரலாற்றோடு நிற்பதில்லை. படமாகி நூலேறிய அருவியையும் மலையையும் காக்க வேண்டிய அழகு என்று பொதுமக்கள் எளிதில் ஏற்கின்றனர். படமாகாத ஏரிக்கு அந்தத் தகுதி கிடைப்பதில்லை. 1856இல் சென்னையிலிருந்து ஆற்காடு வரை மேற்கு நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் ஆலைகளும் குடியிருப்புகளும் அப்பாதையை ஒட்டிப் பெருகின. வயல்கள் மனைகளாயின, பல கால்வாய்கள் தூர்ந்தன. பெருமழைக் காலத்தில் தெருவில் நீர் நிற்கும்போதுதான் அங்கே முன்பு கால்வாய் ஓடியது நினைவுக்கு வருகிறது. பழைய ஏரியின் பரப்பையும் வாய்க்காலின் போக்கையும் அறிய இன்று வருவாய்த் துறையின் புலப்படங்களே உதவுகின்றன. அவை எல்லையைக் காட்டும், தோற்றத்தைக் காட்டா.

திணை மரபும் ஐரோப்பிய நிலக்காட்சியும்

இயற்கையைப் போற்றுதல் ஐரோப்பாவிலிருந்து தமிழகத்துக்கு வந்தது என்று கருதுவது தவறு. சங்கப் பாடல்களின் ஐந்திணை அமைப்பு குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தை வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், விலங்கு, பறவை, தொழில் ஆகியவை கருப்பொருள். மனித உணர்வு உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் கூறுகிறது. ஓவியத்திலும் சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டச் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில், தாமரைக் குளமும் மீன்களும் பறவைகளும் யானைகளும் பூப்பறிப்போரும் கொண்ட 9ஆம் நூற்றாண்டு ஓவியம் உள்ளது.

வேறுபாடு பார்ப்பவரின் இடத்தில் உள்ளது. டச்சு நிலக்காட்சியில் பார்ப்பவர் ஓரிடத்தில் நின்று அடிவானம் வரை நோக்குகிறார். நிலம் அவருக்கு எதிரே விரிகிறது. திணையில் மனிதர் நிலத்துக்குள் வாழ்கிறார். நண்டும் நாரையும் அவருடைய மனநிலையைச் சொல்லும் குறிப்புகளாகின்றன. திணை மரபு எந்தப் பறவை எந்த நிலத்துக்கு உரியது என்பதைத் துல்லியமாகச் சொல்லும். ஓர் ஊரின் குறிப்பிட்ட ஒரு நாளைய தோற்றத்தைச் சொல்ல முற்படாது. எட்சிங் அந்தக் குறிப்பிட்ட இடத்தையும் பொழுதையும் பிடிக்கிறது. மருதத்தின் வயலும் பொய்கையும் இலக்கியத்தில் நிறைந்திருக்க, அச்சுப்படத்தில் இல்லாமற் போனது இரு மரபுகளும் ஒன்றையொன்று சந்திக்காததன் அடையாளம்.

பிற்கால வளர்ச்சி

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ளது. அதன் முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில் மாணவர் வெளியிடங்களுக்குச் சென்று வரைவது ஊக்குவிக்கப்பட்டது. கே. சி. எஸ். பணிக்கரின் தொடக்ககால நீர்வண்ணங்கள் கால்வாயும் தென்னையும் நிறைந்த நிலக்காட்சிகளே. தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பன் எட்சிங், லித்தோகிராஃப் ஆகிய அச்சுமுறைகளில் அனைத்துலகப் புகழ் பெற்றவர். சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையத்தில் அச்சோவியப் பட்டறை இயங்குகிறது. எனவே எட்சிங் செய்யும் கருவியும் பயிற்சியும் தமிழகத்தில் உள்ளன.

டேனியல்களின் படங்களைக் கொல்கத்தா விக்டோரியா நினைவகத்திலும் இலண்டன் பிரித்தானிய நூலகத்திலும் காணலாம். ரெம்பிராண்ட், செகர்ஸ் ஆகியோரின் எட்சிங்குகளை ரைக்ஸ் அருங்காட்சியகம் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. ஒரு படத்தை ஆராயும் மாணவர், அது எந்த இடம், எந்த ஆண்டு, இடவலம் மாறியுள்ளதா, வாங்கியவர் யார், சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டது எது என்னும் ஐந்து கேள்விகளைக் கேட்டால் அப்படம் கலைப்பொருளாகவும் வரலாற்றுச் சான்றாகவும் பயன்படும். இறுதிக் கேள்வியே சென்னையின் மேற்கு ஏரிநாட்டைப் போன்ற, படமாகாத நிலங்களை நோக்கி நம்மை அழைத்துச் செல்வது. அந்த ஏரிகளில் நீரும் கரையும் எஞ்சியிருப்பவை இன்னும் உள்ளன. அவற்றை இன்றைய தோற்றத்தில் பதிவு செய்வதற்குக் காலம் இருக்கிறது.